அழகுபடுத்தாமல் வரைவோம்

நாயோ பூனையோ வளர்க்கும் வீடுகளில் இன்று கைப்பேசியைத் திறந்து பார்த்தால், அவ்வீட்டுப் பிள்ளைகளின் படங்களைக் காட்டிலும் அப்பிராணியின் படங்களே மிகுதியாக இருக்கின்றன. உண்ணும்போது ஒன்று, உறங்கும்போது ஒன்று, குளித்து நடுங்கும்போது ஒன்று என்று நூற்றுக்கணக்கில் சேர்ந்திருக்கின்றன. ஆயினும் அந்த நாயின் காது தலையில் எவ்விடத்திலிருந்து தொடங்குகிறது, கண்ணுக்கும் மூக்குக்கும் இடையே எத்தனை விரற்கடை, நெற்றி மயிர் எத்திசை நோக்கிப் படிந்திருக்கிறது என்று கேட்டால் நம்மில் பெரும்பாலோரால் விடை கூற இயலாது. பத்தாண்டுகள் உடன் வாழ்ந்த உயிரிடம் நமக்கு அன்பு உண்டு என்பதில் ஐயமில்லை. அதை நாம் கூர்ந்து பார்த்திருக்கிறோமா என்பது வேறு வினா.

பிராணி வளர்ப்போர் ஒவ்வொருவரும், ஓவியம் வரையத் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், அது உயிருடன் இருக்கும்போதே ஒருமுறையேனும் தம் கையால் அதை வரைந்து பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. வரையும்போது அதை அழகுபடுத்தலாகாது என்பது அதனினும் அழுத்தமான கருத்து. இந்த இரண்டாவது கருத்துக்கு நான் வந்து சேர்ந்தது நூல்களைப் படித்தன்று. நானே செய்த ஒரு பிழையின் வழியாகத்தான்.

பணி ஓய்வுக்குப் பின் நீர்வண்ணம் பயிலத் தொடங்கி, ஓரளவு கைப்பழக்கம் வந்திருந்த காலம் அது. அக்கம்பக்கத்தாரின் நாய்களையும் பூனைகளையும் வரைந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். பெங்களூரில் எங்கள் தெருவின் கோடியில் வசிக்கும் மூதாட்டி ஒருவர், 12 ஆண்டுகள் தம்முடன் வாழ்ந்து மறைந்த ராணி என்னும் நாயின் புகைப்படங்கள் நான்கைக் கொடுத்து, அதை ஓவியமாக வரைந்து தர இயலுமா என்று கேட்டார். தெருவில் கண்டெடுத்த குட்டி அது. செம்மண் நிறம், மார்பில் வெள்ளைத் திட்டு. கடைசி மூன்று ஆண்டுகளில் அதன் வலக்கண்ணில் புரை விழுந்து வெளுத்திருந்தது. நான் வேண்டாமென்று மறுத்தும் கேளாமல் 3,000 ரூபாயை உறையிலிட்டு மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

நான்கு புகைப்படங்களிலும் நாயின் தலை சற்றே வலப்புறமாகத் திரும்பியிருந்தது. படம் எடுத்தவரின் கவனக்குறைவு என்று கருதி, அதை நேரே நிமிர்த்தினேன். வெளுத்த கண்ணை மற்றக் கண்ணைப் போலவே கருமையும் ஒளியும் உடையதாக்கினேன். வாயோரத்து நரையைப் பாதியாகக் குறைத்தேன். துயரத்தில் இருக்கும் முதியவருக்கு நோயுற்ற கண்ணை ஏன் நினைவூட்ட வேண்டும் என்பதே என் எண்ணம். படம் பார்ப்பதற்கு அழகாகவே அமைந்தது. அவரும் இரு கைகளாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நானும் மனநிறைவோடு வீடு திரும்பினேன்.

இரண்டு மாதம் கழித்து, வரலட்சுமி நோன்பன்று என் மனைவியுடன் அவர் இல்லத்திற்குச் சென்றேன். கூடத்துச் சுவரில் ஓவியம் மாட்டப்பட்டிருந்தது. சட்டத்தின் கீழ்மூலையில், மரத்துக்கும் கண்ணாடிக்கும் இடையே, தபால்தலையைவிடச் சற்றே பெரிதான ஒரு புகைப்படம் செருகப்பட்டிருந்தது. நான் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்த நான்கனுள் ஒன்று அது. நான் அதைப் பார்ப்பதை அவர் கவனித்துவிட்டார்.

“படம் நன்றாகத்தான் இருக்கிறது சார். வருகிறவர்கள் எல்லாரும் புகழ்கிறார்கள். ஆனால் ராணி இப்படி நேராகப் பார்க்க மாட்டாள். வலது கண்தான் தெரியாதே! என்னைப் பார்க்க வேண்டுமென்றால் தலையைத் திருப்பி, இடது கண்ணை முன்னால் கொண்டுவந்து பார்ப்பாள். அதற்காகத்தான் இந்தச் சின்னப் படத்தையும் வைத்திருக்கிறேன்.”

குறை கூறும் தொனி அதில் இல்லை. காபி எடுத்து வர உள்ளே போய்விட்டார். எனக்குத்தான் அன்றிரவு உறக்கம் வரவில்லை. நாயின் ஒரு குறையை மறைத்ததாகவே நான் எண்ணியிருந்தேன். ஆனால் அந்தக் குறையிலிருந்து பிறந்தது அதன் கழுத்தின் வளைவு; அந்த வளைவிலிருந்து பிறந்தது அது தன் எசமானியைப் பார்த்த பார்வை. கண்ணைத் திருத்தியவுடன் கழுத்துக்கு வேலையில்லாமல் போயிற்று. கழுத்தை நிமிர்த்தியவுடன் ராணியே போய்விட்டாள். எஞ்சியது செம்மண் நிறத்து நாய் ஒன்றின் படம். நான்கு புகைப்படங்களிலும் ஒரே பக்கம் தலை திரும்பியிருந்தும், ‘ஏன்’ என்று ஒருமுறை கேட்கத் தோன்றவில்லையே என்பதுதான் இன்றும் உறுத்துகிறது.

விலங்குகளை உள்ளபடி வரைவதில் நம் நாட்டுக்கு ஒரு நெடிய மரபு இருக்கிறது. முகலாயப் பேரரசர் ஜஹாங்கீரின் அவையில் இருந்த உஸ்தாத் மன்சூரை அறியாத ஓவிய மாணவர் இரார். 1612-ஆம் ஆண்டு கோவாவிலிருந்து அரசருக்குச் சில விந்தையான உயிரினங்கள் கொண்டுவரப்பட்டன; அவற்றுள் வான்கோழியும் ஒன்று. அமெரிக்கக் கண்டத்துப் பறவையாகிய அது அன்று இந்தியாவில் பெரும் புதுமை. அதன் தலையும் கழுத்தும் நேரத்துக்கு நேரம் நிறம் மாறுவதைத் தம் நினைவுக் குறிப்பில் வியந்து எழுதும் ஜஹாங்கீர், தம் முப்பாட்டனார் பாபர் விலங்குகளின் தோற்றத்தைச் சொல்லால் விவரித்தாரேயன்றி ஓவியர்களைக் கொண்டு வரையச் செய்யவில்லை என்றும், கேட்பதைவிடக் கண்ணால் காண்பது மேலான வியப்பைத் தரும் என்பதால் தாம் வரையச் சொன்னதாகவும் குறிப்பிடுகிறார். மன்சூரின் வான்கோழி இன்று லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கழுத்துச் சதையின் சுருக்கமும் முடிச்சும் ஒன்று விடாமல் வரையப்பட்ட அப்படத்தைப் பார்ப்பவர் எவரும் வான்கோழியை அழகிய பறவை என்று கூற மாட்டார். ஆனால் கண்ணை எடுக்கவும் மாட்டார்.

வரிக்குதிரையின் கதை இதனினும் சுவையானது. 1621-இல் அது அவைக்கு வந்தபோது, கழுதைக்கு யாரோ வண்ணம் பூசிவிட்டார்கள் என்றே பலர் ஐயுற்றனர். சோதித்துப் பார்த்த பின்னரே அவ்வரிகள் படைத்தவன் இட்டவை என்று தெளிந்ததாக அரசர் எழுதுகிறார். பின்னர் அது பாரசீக மன்னர் ஷா அப்பாஸுக்குப் பரிசாக அனுப்பப்பட்டது. போவதற்குள் மன்சூர் அதை வரைந்துவிட்டார். முகத்தில் மெலிந்தும் உடலில் அகன்றும் கால்களில் வளையமாகவும் அவ்வரிகள் மாறிச் செல்வதை அவர் பின்தொடர்ந்திருக்கும் பொறுமையை நினைத்தால், நான்கு புகைப்படங்களைப் பார்த்து ஒரு தலைத் திருப்பத்தைக் கவனிக்காத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அரசர்களின் விந்தை விலங்குகள் ஒருபுறம் இருக்கட்டும். எளிய நாய்க்கும் நம் முன்னோர் நினைவுச் சின்னம் எடுத்திருக்கிறார்கள். பெங்களூர் அரசு அருங்காட்சியகத்தில் ஆதகூர்க் கல்வெட்டு என்னும் நடுகல் ஒன்று உண்டு. மண்டியா மாவட்டத்து ஊர் அது. கி.பி. 949-ஐ ஒட்டி, அரக்கோணத்துக்கு அருகிலுள்ள தக்கோலத்தில் சோழர்களை வென்ற இராஷ்டிரகூடர் பக்கத்தில் மணலேரன் என்ற வீரன் போரிட்டான். வேண்டியதைக் கேள் என்று மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் கூறியபோது, காளி என்னும் வேட்டை நாயைக் கேட்டுப் பெற்றுக்கொண்டான் அவன். பின்னொரு நாள் அந்த நாய் பெரிய காட்டுப்பன்றி ஒன்றோடு பொருது, இரண்டும் மாண்டன. நாயும் பன்றியும் மோதும் காட்சியைக் கல்லில் செதுக்கி, கோயில் முன் நாட்டி, வழிபாட்டுக்கு நிலமும் விட்டார்கள். தமிழ்நாட்டிலும் திருவண்ணாமலை மாவட்டம் எடத்தனூரில், மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்றில், கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் காத்த கோவிவன் என்னும் நாயின் பெயர் பொறிக்கப்பட்டு, அதன் உருவும் வீரனுக்கு அருகில் காட்டப்பட்டிருக்கிறது. ‘ஒரு நாய்’ என்று எழுதாமல் பெயர் சொல்லி எழுதினார்களே, அதைத்தான் நான் மெச்சுகிறேன். ஆதகூர்க் கல்லைப் பார்த்துவிட்டு வந்த பிறகுதான், எனக்கு மூதாட்டியின் குறை இன்னும் தெளிவாக விளங்கியது. அவர் கேட்டது நாயின் படத்தையன்று, ராணியின் படத்தை.

இக்கருத்தை நண்பர்களிடம் கூறினால் ஒரு மறுப்பு வருகிறது. அதில் நியாயமும் இருக்கிறது. துயரப்படுபவர் ஆறுதலைத் தேடி வருகிறார். அவருக்கு நோயையும் முதுமையையும் சட்டமிட்டுக் கொடுப்பது கொடுமையன்றோ என்கிறார்கள். இளமையில் துள்ளித் திரிந்த உருவத்தை நினைவில் கொள்ள விரும்புபவர்கள் உண்டு. அவர்கள் கேட்டால் அப்படியே வரையலாம். அதற்குரிய பழைய புகைப்படத்தைக் கேட்டுப் பெற வேண்டும். முதிய நாயின் படத்தை வைத்துக்கொண்டு, அதன்மேல் நம் கற்பனையால் இளமையைப் பூசுவதுதான் தவறு. எது ஆறுதல் என்பதை வரைபவன் தானாகவே தீர்மானித்துவிடக் கூடாது. நான் அதைத்தான் செய்தேன். கேட்டிருந்தால் அவர் அந்தக் கழுத்தைப் பற்றி முதல் நாளே சொல்லியிருப்பார்.

வரையும் தொழில் நமக்குக் கற்றுத் தருவது என்ன என்பதற்கு வருகிறேன். பொறுமை, ஒழுங்கு என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் அது உண்மையில் கற்றுத் தருவது இன்னும் நுணுக்கமானது. முதலில், நாம் அறிந்ததாக நினைப்பவை பலவும் தவறு என்று அது காட்டுகிறது. கண்ணை எடுத்துக்கொள்வோம். எல்லா விலங்கின் கண்ணையும் மனிதக் கண்ணைப் போல, நடுவே வட்டப் பாவையுடன் வரைவது தொடக்கநிலையாளர் வழக்கம். நாயின் பாவை வட்டம். பூனைக்கு வெளிச்சத்தில் நெட்டுக்குத்தாகக் கீற்றாய்ச் சுருங்கும். பசு, ஆடு, குதிரை ஆகியவற்றுக்குக் கிடைமட்டமாக நீண்டிருக்கும். நாட்காட்டிகளில் வரும் காமதேனுவுக்கு நடிகையின் கண்ணை வைத்து வரைந்து நம்மைப் பழக்கிவிட்டார்கள்; ஆகையால் தொழுவத்தில் நிற்கும் பசுவின் கண்ணை அருகில் சென்று பார்த்தவர்கூட அந்தக் கிடைக்கோட்டைக் கவனித்திருப்பது அரிது.

அடுத்து நிறம். கறுப்பு நாயைக் கறுப்பு வண்ணத்தால் வரைந்தால் அது தாளில் துளை விழுந்தது போல் தோன்றும். முதுகில் வானத்தின் நீலம் படிந்திருக்கும். வயிற்றுப் பக்கம் தரையின் பழுப்பு ஏறியிருக்கும். வெயிலில் காதின் ஓரம் செந்நிறமாய்த் தெரியும். அல்ட்ராமரைன் நீலத்தையும் பர்ன்ட் சியன்னா என்னும் சுட்ட மண் நிறத்தையும் கலந்தால் கிடைக்கும் கருமை, குப்பியிலுள்ள கறுப்பைவிட உயிருள்ளது. நீலத்தைக் கூட்டினால் குளிரும், மண்ணைக் கூட்டினால் வெதுவெதுக்கும். வெள்ளை நாயோ இதற்கு நேர்மாறு. நீர்வண்ணத்தில் வெள்ளை என்பது தாளே. நாம் வரைவது வெள்ளையை அன்று, அதைச் சூழ்ந்த நிழலை. தொடாமல் விட வேண்டிய இடம் எது என்று முதலிலேயே முடிவு செய்து, கடைசிவரை கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். எனக்கு மிகக் கடினமாக இருந்தது இதுவே.

மயிரை ஒவ்வொன்றாகக் கோடிழுப்பது இன்னொரு பொறி. ஒரு நாயை அப்படி வரைந்து மூன்று வாரம் செலவிட்டேன். முடிவில் அது தேங்காய் நார் மிதியடி போல இருந்தது. மயிர் மூக்கின் மேற்புறத்திலிருந்து நெற்றி நோக்கி ஏறி, புருவத்தருகே பிரிந்து, கன்னத்தில் பின்னோக்கிச் சாய்கிறது. இந்த ஓட்டத்தை முதலில் பெரிய நிழல்களாக இட்டுவிட்டு, ஒளியும் இருளும் சந்திக்கும் எல்லைகளில் மட்டும் சில கீற்றுகளைத் தொட்டால் போதும். மற்றதைப் பார்ப்பவர் கண்ணே நிரப்பிக்கொள்ளும்.

நீர்வண்ணத்தில் ஈரமாக இருக்கும்போது அடர்ந்து தெரியும் நிறம், உலர்ந்த பின் வெளிறிவிடும். போதவில்லை என்று ஈரத்தின்மேலேயே மீண்டும் பூசினால் வண்ணங்கள் கலங்கிச் சேறாகும். எழுந்து போய்விட வேண்டும். காய்கறி நறுக்கலாம், தண்ணீர் வரிக் கட்டணத்தைச் செலுத்தலாம். அரை மணி கழித்து வந்து பார்த்தால், செய்ய நினைத்த திருத்தங்களில் பாதி தேவையற்றவை என்று தெரியும். எங்கே நிறுத்துவது என்பதை எவரும் சொல்லித் தர முடியவில்லை. என் நல்ல படங்களில் சில, மின்சாரம் போனதால் நின்றவை.

உயிருள்ள பிராணியைப் பார்த்து வரைவது புகைப்படத்தைப் பார்த்து வரைவதைவிடப் பன்மடங்கு கடினம். அது அமர்ந்து காட்டாது. ஆங்கிலேய ஓவியர் டேவிட் ஹாக்னி 1990-களில் தம் இரு டாக்ஸண்ட் நாய்களான ஸ்டான்லியையும் பூட்ஜியையும் தொடர்ச்சியாக வரைந்தபோது, வீட்டின் பல இடங்களில் தாழ்வான படம்தாங்கிகளையும் தாள்களையும் ஆயத்தமாக வைத்திருந்தார். எங்கே அவை படுக்கின்றனவோ அங்கே உடனே வரையத் தொடங்க வேண்டும்; கதவு தட்டும் ஓசை கேட்டாலோ, தின்பண்டத்தின் மணம் வந்தாலோ மாதிரி எழுந்து ஓடிவிடும். உலகப் புகழ் பெற்றவருக்கே இந்த நிலை என்றால் நாம் சோர வேண்டியதில்லை. இரண்டு நிமிடத்தில் முதுகின் வளைவு ஒன்றையாவது பிடிக்கலாம். அப்படிப் பிடித்த ஐம்பது வளைவுகள் சேர்ந்தால், பிறகு புகைப்படத்தைப் பார்க்கும்போது அது எங்கே பொய் சொல்கிறது என்பது தெரிய ஆரம்பிக்கும்.

புகைப்படம் பொய் சொல்லும் என்பதை ஐயப்பட வேண்டாம். கைப்பேசியை நாயின் முகத்தருகே கொண்டுபோய் எடுத்தால் மூக்கு பருத்து, காதுகள் சிறுத்துவிடும். நின்றபடி கீழ்நோக்கி எடுத்தால் தலை பெரிதாகவும் கால்கள் குட்டையாகவும் வரும். இரவில் மின்னொளியிட்டு எடுத்தால் விழிக்குள் உள்ள ஒளி திருப்பும் படலம் பச்சையாய் எரியும். ஓவியத்துக்காகப் படம் எடுப்பவர் சற்று விலகி, மண்டியிட்டு, பிராணியின் கண்மட்டத்துக்கு இறங்கி, சன்னலோரப் பகல் வெளிச்சத்தில் எடுக்க வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் நாயைத் திண்ணையில் ஏற்றிவிடலாம்.

இக்காலத்தில் புகைப்படத்தைக் கொடுத்தால் நொடியில் ஓவியமாக மாற்றித் தரும் செயலிகள் வந்துவிட்டன. எண்ணெய் ஓவியம் வேண்டுமா, நீர்வண்ணம் வேண்டுமா, முகலாயச் சிற்றோவியம் வேண்டுமா என்று அவை கேட்கின்றன. அவற்றை நான் வெறுப்பவனல்லன். என் பேத்திக்கு அவற்றில் மிகுந்த விருப்பம். விளைந்த படம் என்னுடையதைவிட நேர்த்தியாகவும் இருக்கக்கூடும். ஆனால் அந்த நொடியில் நாம் எதையும் பார்க்கவில்லை. படம் கிடைக்கிறது, கழுத்து ஏன் திரும்பியிருக்கிறது என்ற கேள்வி கிடைப்பதில்லை. நான் ராணிக்குச் செய்த பிழையை அச்செயலியும் செய்யும், என்னைவிட விரைவாகவும் திறமையாகவும்.

வங்கி இதழில் பணத்தைப் பற்றி ஒரு சொல்லேனும் இல்லாவிட்டால் நன்றாயிராது. தொடங்குவதற்குப் பெரும் முதலீடு தேவையில்லை. ஐந்தாறு வண்ணங்கள், இரண்டு தூரிகைகள், 300 கிராம் எடையுள்ள தடித்த தாள், இவை போதும். தூரிகையில் சிக்கனம் பிடித்தாலும் தாளில் பிடிக்க வேண்டாம். மெல்லிய தாள் நீர் பட்டவுடன் அப்பளமாய்ச் சுருண்டு, பிழை நம்முடையது என்று நம்மை நம்ப வைக்கும். பிறருக்கு வரைந்து பொருளீட்ட விரும்புவோர், வண்ணம் தீட்டுமுன் பென்சில் வரைவைக் காட்டி ஒப்புதல் பெறுவதும், பாதித் தொகையை முன்பணமாக வாங்குவதும் இரு தரப்புக்கும் நல்லது. அந்தப் பென்சில் வரைவைக் காட்டும் வழக்கம் எனக்கு அன்று இருந்திருந்தால் இக்கட்டுரைக்கே இடமிருந்திராது.

ராணியை மீண்டும் வரைந்தேன். இம்முறை மூதாட்டியின் வீட்டுக்கு நான்கு மாலை சென்று, அவர் சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டேன். எந்தக் காது தொங்கும், வாசல் ஒலி கேட்டால் எந்தக் கால் முதலில் ஊன்றும் என்றெல்லாம் அவர் நடித்தே காட்டினார். புரை விழுந்த கண்ணை வரைவதுதான் பெரும் சோதனையாக இருந்தது. முதலில் அதை மங்கிய சாம்பல் நிறத்தில் தீட்டினேன். செத்த மீனின் கண் போலிருந்தது. பின்னர் மற்றொரு முதிய நாயை அருகிலிருந்து நோக்கியபோதுதான் காரணம் விளங்கியது. புரை விழுவது உள்ளே இருக்கும் வில்லையில். கண்ணின் முன்புறத்துத் தெளிந்த படலம் எப்போதும் போலவே வழவழப்பாக இருக்கிறது. ஆகவே பார்வையற்ற அக்கண்ணிலும் சன்னலின் ஒளிப்புள்ளி பளிச்சென்று விழுகிறது. அதற்குப் பின்னால்தான் நீலம் தோய்ந்த பால்வெண்மை. அந்த ஒரு புள்ளியைத் தாளில் விட்டுவைத்தவுடன் கண் உயிர் பெற்றது. கழுத்து தானாகவே வலப்பக்கம் திரும்பிக்கொண்டது என்றுகூடச் சொல்லத் தோன்றுகிறது.

பணம் ஏதும் பெறவில்லை. அவர் கொடுக்க முயன்றார், என் மனைவி விடவில்லை. முதல் படத்தைத் திரும்பக் கொண்டுபோய்க் கிழித்துவிடலாம் என்று கேட்டேன். அவர் தர மறுத்தார். கண்ணில் புரை விழுவதற்கு முன்பே படிப்புக்காகக் கனடா சென்றுவிட்ட அவருடைய பேரன், தொலைபேசிக் காட்சியில் அப்படத்தைப் பார்த்துவிட்டு, “இதுதான் பாட்டி நம் ராணி” என்று கூறி அதைத் தனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறான். அவன் கண்ட ராணி நேராகப் பார்த்தவள். ஆக, நான் பொய்யென்று நாணிய படம் ஒருவனுக்கு மெய்யாக இருந்திருக்கிறது. இதனால் என் கருத்தை மாற்றிக்கொள்ள வேண்டுமா என்று யோசித்துப் பார்த்தேன். மாற்றிக்கொள்ளவில்லை. அது தற்செயலாகப் பொருந்தியதே தவிர, நான் பார்த்து வரைந்ததன்று. ஆனால் அதன் பிறகு, படம் கேட்டு வருபவரிடம் நான் முதலில் கேட்கும் கேள்வி மாறிவிட்டது. “நாய் எப்படி இருக்கும்?” என்று கேட்பதில்லை, “உங்களை அது எப்படிப் பார்க்கும்?” என்று கேட்கிறேன். பெரும்பாலோர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தம் தலையையே அப்படித் திருப்பிக் காட்டுகிறார்கள்.

எங்கள் வீட்டு மணிக்கு இப்போது 11 வயது. பின்னங்கால் ஒன்று எழும்போது தடுமாறுகிறது. முகவாய் முழுதும் நரைத்துவிட்டது. ஞாயிறுதோறும் காலையில், அது வெயில் விழும் இடத்தில் படுத்திருக்கும்போது வரைகிறேன். அளவேட்டின் தொடக்கத் தாள்களில் அது சுருண்டு, மூக்கை வாலுக்குள் செருகிக்கொண்டு படுத்திருக்கிறது. அண்மைத் தாள்களில் அந்தக் காலை மடக்க இயலாமல் நீட்டியே வைத்திருக்கிறது. தாள்களைப் புரட்டிப் பார்க்கும்வரை அது எப்போது மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. நாள்களைக் கணக்கிட்டு, மருத்துவரிடம் அழைத்துப் போனோம். மூட்டு தேய்ந்திருக்கிறது என்றார்; மருந்து கொடுத்திருக்கிறார். சென்ற ஞாயிற்றுக்கிழமை வரைந்த தாள் முற்றுப்பெறவில்லை. முன்கால்களையும் தலையையும் முடித்துவிட்டேன். நீட்டிய காலுக்கு வரும்போது, பால்காரர் மணியடித்தார், மணி எழுந்து போய்விட்டது.